பள்ளியில் 3 சென்ட் இடம்: மதிய உணவுக்கு உண்மையிலேயே உதவும்படி என்ன பயிரிடலாம்?

கேள்வி: வேடசந்தூர் ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். திண்டுக்கல் மாவட்டம் வேடசந்தூர் வட்டாரத்தில் உள்ள ஓர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் பணியாற்றுகிறேன். ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை 46 பேரும், ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை 28 பேரும் படிக்கிறார்கள். சமையற்கூடத்துக்குப் பின்னால் சுமார் 3 சென்ட் இடம் கருவேல முள் மண்டிக் கிடந்தது; அதைச் சுத்தம் செய்து வைத்திருக்கிறோம். சரளை கலந்த செம்மண். ஆழ்துளைக் கிணற்று நீர் காலையில் ஒரு மணி நேரம் தொட்டிக்கு ஏறும். கோடையில் அதுவும் குறைந்துவிடும்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் இதே இடத்தின் ஒரு பகுதியில் தக்காளி, கத்தரி, வெண்டை போட்டோம். பிள்ளைகள் மிகுந்த ஆர்வத்தோடு தண்ணீர் ஊற்றினார்கள். ஆனால் கத்தரியில் காய்ப்புழு விழுந்தது, வெண்டையை வெள்ளை ஈ பிடித்தது, வேலி சரியாக இல்லாததால் ஆடுகள் மேய்ந்தன. அந்தப் பருவம் முழுவதும் சேர்த்து எங்களுக்குக் கிடைத்தது ஆறு கிலோ காய்தான். அது ஒன்றரை நாள் சாம்பாருக்குக்கூடப் போதவில்லை. மே மாத விடுமுறை முடிந்து வந்து பார்த்தபோது எல்லாம் காய்ந்து போயிருந்தது. அன்று ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் எதுவும் பேசாமல் அந்தப் பாத்திகளின் ஓரத்தில் நின்றதை என்னால் மறக்க முடியவில்லை.

மறுபடியும் தொடங்க வேண்டும் என்று நினைக்கக் காரணம், சென்ற முறை பள்ளிக்கு வந்த மருத்துவக் குழுவினர் எங்கள் பெண் பிள்ளைகளில் பலருக்கு இரத்தசோகை இருப்பதாகச் சொன்னதுதான். பூச்சிமருந்தோ இரசாயன உரமோ பிள்ளைகள் புழங்கும் இடத்தில் வேண்டாம் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். இவ்வளவு சிறிய இடத்தில் எதைப் பயிரிட்டால் அவர்களுடைய தட்டில் ஒரு மாற்றம் தெரியும்? பஞ்சகவ்யம், ஜீவாமிர்தம் போன்றவற்றைப் பிள்ளைகள் உண்ணும் பயிருக்குத் தெளிப்பது பாதுகாப்பானதா? விடுமுறை நாட்களை எப்படிச் சமாளிப்பது? இவற்றோடு இன்னொரு சங்கடமும் உண்டு. "படிக்க அனுப்பினால் மண்வெட்டி பிடிக்க வைக்கிறீர்களே" என்று இரண்டு பெற்றோர் சென்ற முறை என்னிடம் வருத்தப்பட்டார்கள். அவர்களே கூலி வேலைக்குப் போகிறவர்கள் என்பதால் அந்தச் சொல் எனக்கு மிகவும் உறைத்தது. அனுபவம் உள்ளவர்கள் வழி சொல்ல வேண்டுகிறேன்.

பதில் 1: ஓய்வுபெற்ற தோட்டக்கலை அலுவலர்

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். சென்ற முறை உங்கள் உழைப்பில் குறையில்லை, பயிர்த் தேர்வில்தான் பிழை நேர்ந்திருக்கிறது. முதலில் ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்துவிடுவோம். மதிய உணவுக்கு மத்திய அரசு வகுத்துள்ள அளவின்படி தொடக்க வகுப்புப் பிள்ளைக்கு நாளொன்றுக்கு 50 கிராம் காய்கறியும், ஆறு முதல் எட்டு வரை படிக்கும் பிள்ளைக்கு 75 கிராமும் வேண்டும். உங்கள் பள்ளிக்கு இது 2.3 கிலோவும் 2.1 கிலோவும் ஆக 4.4 கிலோ, 200 வேலை நாட்களுக்கு 880 கிலோ. 3 சென்ட் என்பது ஏறத்தாழ 1,300 சதுர அடி. சரளை மண்ணில், ஒரு மணி நேரத் தண்ணீரில், அந்த இடத்திலிருந்து 880 கிலோ காய் எடுப்பது தேர்ந்த விவசாயிக்கும் இயலாது. எனவே சந்தையில் வாங்கும் காய்க்கு மாற்றாகத் தோட்டத்தை நினைக்காமல், சந்தைக் காயில் கிடைக்காத சத்தைத் தட்டில் சேர்க்கும் இடமாக நினையுங்கள். அப்படிப் பார்த்தால் விடை கீரைதான்.

பத்தடி நீளம், நான்கடி அகலத்தில் பத்துப் பாத்திகள் போடுங்கள். நான்கடிக்கு மேல் அகலம் வேண்டாம். பிள்ளைகள் பாத்திக்குள் மிதிக்காமல் இரு பக்கமும் நின்று எட்டிக் களை எடுக்க முடிய வேண்டும். நடைபாதையையும் சேர்த்தால் 700 சதுர அடிக்குள் இது அடங்கிவிடும். எட்டுப் பாத்திகளில் முளைக்கீரையும் சிறுகீரையும் மாற்றி மாற்றி வரட்டும். எட்டையும் ஒரே நாளில் விதைத்துவிடாதீர்கள். திங்கட்கிழமை ஒன்று, வியாழக்கிழமை ஒன்று என வாரத்துக்கு இரண்டு பாத்திகள் விதைத்தால், இருபத்தைந்து நாளில் முதல் பாத்தி பறிப்புக்கு வரும்; அதன்பின் வாரம் இரண்டு பாத்திகள் தவறாமல் கிடைத்துக்கொண்டே இருக்கும். ஓரளவு பராமரித்த பாத்தியில் மூன்று முதல் நான்கு கிலோ வரை பறிக்கலாம். அதாவது 74 பிள்ளைகளுக்கு வாரத்தில் இரண்டு நாள், ஆளுக்கு 40 கிராமுக்குக் குறையாத பச்சைக் கீரை. மீதி இரண்டு பாத்திகளில் அரைக்கீரை. அதை வேரோடு பிடுங்காமல் தரைக்குச் சற்று மேலே அறுத்தால் பத்துப் பன்னிரண்டு நாளுக்கு ஒருமுறை துளிர்த்து, மாதக்கணக்கில் பலன் தரும்.

கீரை விதை மிகச் சிறியது. தனியாகத் தூவினால் ஓரிடத்தில் குவிந்துவிடும். மணலோடு கலந்து தூவி, மேலே மெல்லிய மண் போர்வை போட்டு, பூவாளியால்தான் தண்ணீர் தெளிக்க வேண்டும். குடத்தால் ஊற்றினால் விதை அடித்துக்கொண்டு ஓரத்துக்குப் போய்விடும். எறும்பு விதையைச் சுமந்துகொண்டு போகும் இடமாக இருந்தால், விதைக்கும் அன்றே சற்று வேப்பம்பிண்ணாக்கைத் தூளாக்கித் தூவி வையுங்கள். பாத்திக்கு ஒரு கூடை நன்றாக மக்கிய தொழுஉரம் போதும். பத்துப் பாத்திக்கும் சேர்த்து நாளொன்றுக்கு சுமார் 200 லிட்டர் தண்ணீர் ஆகும். பிளாஸ்டிக் குடத்தில் பதின்மூன்று, பதினான்கு குடம்.

வடக்கு ஓரத்தில், பாத்திகளில் நிழல் விழாதபடி, பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி வெளியிட்ட பி.கே.எம்.1 செடிமுருங்கையை ஐந்தாறு வையுங்கள். விதையிலிருந்தே வரும், ஆறு மாதத்தில் காய்க்கத் தொடங்கிவிடும். உங்களுக்குக் காயைவிடக் கீரைதான் முக்கியம் என்பதால் மூன்றடி உயரத்தில் நுனியை வெட்டிப் புதராக்குங்கள். முருங்கைக் கிளை எளிதில் முறியும். பிள்ளைகள் ஏறும் உயரத்துக்கு அது வளரவே கூடாது. தட்டு கழுவும் இடத்துத் தண்ணீரை வாய்க்கால் வெட்டித் திருப்பினால் நான்கு பப்பாளியும் இரண்டு வாழையும் அதிலேயே வளரும். ஒரு கொய்யாவும் வையுங்கள். அதற்குத் தனியிடம் கொடுத்துப் பொறுமையாகக் காத்திருக்க வேண்டும்.

வேலி போடாமல் ஒரு விதையும் போடாதீர்கள். உங்கள் பக்கத்தில் கிளுவைப் போத்து (நடுவதற்கு வெட்டிய கிளை) எங்கும் கிடைக்கும்; மழைக்காலத்தில் நெருக்கமாக ஊன்றினால் உயிர்வேலி ஆகிவிடும். அது அடர்த்தியாகும் வரை முள் கட்டி வைக்க வேண்டும்.

பதில் 2: சத்துணவு அமைப்பாளர், தஞ்சைப் பகுதி

ஆசிரியைக்கு வணக்கம். ஐயா சொன்ன கீரைக் கணக்கு சரியானது. ஆனால் பாத்தியிலிருந்து தட்டு வரை உள்ள வழியில் சமையற்கூடம் ஒன்று இருக்கிறது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். மூன்று கிலோ சிறுகீரையை வேர் நீக்கி, மண் போக நான்கு முறை அலசி, ஆய்ந்து, பொடியாக நறுக்க எங்கள் மையத்தில் இரண்டு பேருக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. சோறும் குழம்பும் முட்டையும் பன்னிரண்டரை மணிக்குள் தயாராக வேண்டிய இடத்தில் அந்த ஒரு மணி நேரம் எங்கிருந்து வரும்? எனவே விதை போடும் முன்பே உங்கள் மையத்துச் சமையலரையும் உதவியாளரையும் தோட்டத்துக்கு அழைத்துச் சென்று, எந்தக் கிழமை கீரை வந்தால் அவர்களுக்குச் சௌகரியம் என்று கேளுங்கள். விதைப்புக் கிழமையை அவர்களே முடிவு செய்யட்டும். எங்கள் பள்ளியில் முதல் ஆண்டு இதைக் கேட்காமல் விட்டதால், பறித்த கீரையில் பாதி வாடிப்போய் ஆட்டுக்குப் போயிற்று.

நாங்கள் கண்டுகொண்ட சில வழிகளைச் சொல்கிறேன். அரைக்கீரையை அறுத்து எடுப்பதால் வேரும் மண்ணும் வராது. பாதி வேலை குறையும். முருங்கைக் கிளைகளை மாலையில் ஒடித்து, பழைய பருத்தித் துணியில் இறுக மூட்டை கட்டி வைத்துவிட்டால், காலையில் உதறியதும் இலைகள் தாமாகவே உதிர்ந்துவிடும். இது நம் வீடுகளில் பாட்டிமார் செய்கிற வேலைதான், எழுபது பேர் சமையலுக்கும் அப்படியே பொருந்துகிறது.

பிள்ளைகள் கீரையை ஒதுக்கி வைப்பதும் உண்மை. சாம்பாரில் முழு இலையாக மிதந்தால் தட்டின் ஓரத்தில் ஒட்ட வைத்துவிடுவார்கள். பருப்போடு வேகவைத்து மத்தால் கடைந்து, சின்ன வெங்காயமும் பூண்டும் தாளித்துக் கொட்டினால் ஒதுக்குவதற்கு எதுவும் இருக்காது. அதைவிடப் பெரிய மாற்றம் ஒன்றையும் கண்டேன். தான் விதைத்த பாத்தியின் கீரை என்று தெரிந்தால், மூன்றாம் வகுப்புப் பிள்ளை மற்றவர்களையும் சாப்பிட வைக்கிறது. எந்த வகுப்புப் பாத்தியின் கீரை இன்று சமையலில் இருக்கிறது என்று சமையற்கூடச் சுவரில் சாக்பீசால் எழுதி வைக்கிறோம். காலை உணவுத் திட்டத்தில் பொங்கலுக்குக் கொடுக்கும் சாம்பாரிலும் ஒரு பிடி முருங்கை இலையைக் கடைசியில் சேர்க்கலாம். ஆனால் அந்தச் சமையலைச் செய்வோர் வேறு என்பதால் அவர்களிடமும் தனியாகப் பேச வேண்டியிருக்கும்.

பதில் 3: குழந்தை நல மருத்துவர்

ஆசிரியை அவர்களே, இரத்தசோகையைப் பற்றிக் கவலைப்பட்டு நீங்கள் தோட்டத்தை நினைத்திருப்பது மகிழ்ச்சி தருகிறது. அந்த அக்கறைக்கு மதிப்புக் கொடுத்தே, கீரை எதைச் செய்யும், எதைச் செய்யாது என்று வெளிப்படையாகச் சொல்ல விரும்புகிறேன்.

2019–21 ஆண்டுகளில் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 57.4 சதவீதத்தினருக்கு இரத்தசோகை இருந்தது. அதற்கு முந்தைய ஆய்வில் இது 50.7 சதவீதம். 1956-இல் மதிய உணவைத் தொடங்கி, 1982-இல் சத்துணவாக விரிவாக்கி, பின்னர் முட்டையும் சேர்த்த மாநிலத்திலேயே நிலை இது. வயிறு நிறைவதும் இரத்தத்தில் இரும்பு சேர்வதும் வேறு வேறு என்பதைத்தான் இது காட்டுகிறது.

நூறு கிராம் முருங்கைக் கீரையிலோ தண்டுக்கீரையிலோ சுமார் நாலரை மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. அலுவலர் ஐயா சொன்ன 40 கிராமில் இரண்டு மில்லிகிராமுக்கும் குறைவு. ஏழு முதல் ஒன்பது வயதுப் பிள்ளைக்கு நாளொன்றுக்கு 15 மில்லிகிராமும், பத்து முதல் பன்னிரண்டு வயதுப் பெண்பிள்ளைக்கு 28 மில்லிகிராமும் வேண்டும் என்கிறது 2020-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பரிந்துரை. மேலும், கீரையில் உள்ள இரும்பில் சிறு பகுதியைத்தான் குடல் ஏற்றுக்கொள்கிறது. ஆகவே ஏற்கெனவே இரத்தசோகை உள்ள பிள்ளையைக் கீரை மட்டும் குணப்படுத்தும் என்று நம்பிக் காத்திருந்துவிடக் கூடாது. பள்ளியில் வாரந்தோறும் கொடுக்க வேண்டிய இரும்புச்சத்து மாத்திரையும் (சிறு வகுப்புகளுக்கு இளஞ்சிவப்பு, பெரிய வகுப்புகளுக்கு நீலம்), ஆண்டுக்கு இருமுறை தரும் குடற்புழு நீக்க மாத்திரையும் தவறாமல் பிள்ளைகளுக்குக் கிடைக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். கொக்கிப்புழு குடலில் இருந்து இரத்தத்தை உறிஞ்சிக்கொண்டிருக்கும்போது எந்த உணவும் ஈடு செய்யாது. கொக்கிப்புழு ஈரமண்ணில் இருந்து பாதத்தின் வழியாக ஏறுவது என்பதால், தோட்டத்தில் இறங்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் செருப்பு கட்டாயம். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும்.

இனி நல்ல செய்திக்கு வருகிறேன். வைட்டமின் ஏ விஷயத்தில் உங்கள் தோட்டம் பெரிய வேலை செய்யும். முருங்கைக் கீரையில் பீட்டா கரோட்டின் மிக அதிகம்; சமையலில் இழப்பதைக் கழித்துவிட்டாலும் 40 கிராம் கீரை ஒரு சிறு பிள்ளையின் அன்றைய வைட்டமின் ஏ தேவையில் பெரும்பகுதியைக் கொடுக்கக்கூடியது. அதை உடல் ஏற்க எண்ணெய் வேண்டும். ஆகவே கீரைக்குத் தாளிப்பைக் குறைக்க வேண்டாம். கீரையின் இரும்பு நன்றாகச் சேர வைட்டமின் சி உடனிருக்க வேண்டும். கடைந்த கீரையை அடுப்பிலிருந்து இறக்கிய பிறகு எலுமிச்சை பிழிவது, கொய்யா, நெல்லிக்காய் துண்டுகளைச் சாப்பாட்டோடு கொடுப்பது ஆகியவை சிறிய செயல்களாகத் தோன்றினாலும் பயனில் பெரியவை. சாப்பிட்டவுடன் தேநீர் குடிக்கும் வழக்கம் வீடுகளில் பிள்ளைகளுக்கும் தொற்றியிருக்கிறது; அது இரும்பைத் தடுக்கும் என்பதைப் பெற்றோர் கூட்டத்தில் சொல்லுங்கள்.

நீங்கள் கேட்ட பஞ்சகவ்யம், ஜீவாமிர்தம் பற்றி: இரண்டிலும் பசுஞ்சாணமும் கோமியமும் இருக்கின்றன. மண்ணுக்கு அவை செய்யும் நன்மையைப் பற்றிப் பேச நான் தகுதியானவன் அல்லன். ஆனால் இலையையே உணவாக உண்ணும், இருபத்தைந்து நாளில் பறித்துவிடும் பயிரின் மேல் அவற்றைத் தெளிப்பதை நான் ஏற்க மாட்டேன். அமெரிக்க இயற்கை வேளாண் விதிகளில், மக்காத சாணத்தை இட்டால், மண்ணைத் தொடும் உணவுப் பயிரை 120 நாட்களுக்குப் பிறகே அறுவடை செய்ய வேண்டும் என்று இருக்கிறது. வயிற்றுப்போக்குக் கிருமிகளை மனத்தில் வைத்து எழுதப்பட்ட விதி அது. சமைத்தால் கிருமி செத்துவிடும் என்றாலும், பறிக்கும் கையும் நறுக்கும் பலகையும் சமைக்கப்படுவதில்லை.

பதில் 4: ஓய்வுபெற்ற தோட்டக்கலை அலுவலர்

மருத்துவர் ஐயா சொல்வதை ஏற்கிறேன். பள்ளித் தோட்டத்தில் நம்பிக்கையைவிட முறைக்கே இடம் கொடுப்போம். பஞ்சகவ்யத்தைப் பத்து லிட்டர் தண்ணீருக்கு 300 மில்லி கலந்து முருங்கை, பப்பாளி, கொய்யாவின் வேர்ப்பகுதியில் ஊற்றுங்கள். பிள்ளைகள் இல்லாத நேரத்தில் பெரியவர் செய்யட்டும். கீரைப் பாத்திக்கு மக்கிய உரமும் மண்புழு உரமும் மட்டும். சருகு, காய்கறிக் கழிவு, சாணம் ஆகியவற்றை அடுக்கடுக்காகக் குழியில் போட்டு, மூன்று நான்கு மாதம் கழித்து, சாண வாடை அடியோடு போய் மண் வாசம் வந்த பிறகே எடுக்க வேண்டும். இலையில் பூச்சி ஓட்டை விழுந்தால் விழட்டும். அளவு மீறினால் வேப்பெண்ணெய்க் கரைசல் ஒருமுறை தெளித்து, ஒரு வாரம் அந்தப் பாத்தியைப் பறிக்காமல் விடுங்கள்.

பதில் 5: மணப்பாறைப் பக்கத்து ஆசிரியர்

பெற்றோரின் வருத்தத்தைப் பற்றி யாரும் இன்னும் எழுதவில்லை என்பதால் நான் எழுதுகிறேன். அந்த வருத்தம் நியாயமானது. அதை அறியாமை என்று ஒதுக்கக் கூடாது. தலைமுறை தலைமுறையாக மண்வெட்டி பிடித்தவர்கள், தம் பிள்ளையின் கையில் புத்தகம் இருக்க வேண்டும் என்றுதான் பள்ளிக்கு அனுப்புகிறார்கள். எங்கள் பள்ளியிலும் இதே கேள்வி எழுந்தபோது, பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் வைத்துப் பேசி மூன்று முடிவுகளை எழுத்தில் வைத்தோம். குழி வெட்டுவது, வேலி போடுவது, உரம் சுமப்பது போன்ற கடின வேலைகள் பிள்ளைகளுக்கு இல்லை. அவற்றைப் பெற்றோரும் ஊராரும் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் செய்து தருவார்கள். எந்தப் பிள்ளையையும் தண்டனையாகத் தோட்டத்துக்கு அனுப்பக் கூடாது. யாருடைய பிள்ளையாக இருந்தாலும் முறை வரும்போது தண்ணீர் ஊற்ற வேண்டும். "இவனுக்கு வயல் வேலை பழக்கம்தானே" என்று ஒருவன் கையிலேயே வேலை சேரக் கூடாது. மூன்றாவதுதான் மிக முக்கியமானது. அப்படி ஒருவன் கையிலேயே வேலை சேர்வதுதான் சாதியும் கூலியும் பள்ளித் தோட்டத்துக்குள் நுழையும் வாசல்.

தோட்டத்தைப் பாடத்தோடு இணைத்த பிறகு பெற்றோரின் பார்வையே மாறியது. பாத்தியின் பரப்பளவு ஐந்தாம் வகுப்புக் கணக்கில் வருகிறது. முளைப்புத்திறன் ஆறாம் வகுப்பு அறிவியலில் வருகிறது. நூறு விதையை ஈரத்துணியில் வைத்து எத்தனை முளைத்தன என்று எழுதி வந்த பிள்ளையின் நோட்டைப் பார்த்த பிறகு ஒரு தந்தை தாமாகவே வந்து வேலி கட்டிக் கொடுத்தார்.

விடுமுறைக்கு எங்கள் ஏற்பாடு எளியது. மே மாதத்தை எதிர்த்துப் போராடுவதில்லை. மார்ச் இரண்டாம் வாரத்துக்குப் பிறகு புதிய விதைப்பு இல்லை; ஏப்ரலில் கடைசிப் பாத்தியைப் பறித்து முடித்து, சருகையும் காய்ந்த சோளத்தட்டையையும் கனமாக மூடாக்குப் போட்டுவிடுகிறோம். மண் வெயிலில் வெந்து போகாமல் இருக்கும். மரங்களுக்கு மட்டும் அடியில் சிறு துளையிட்ட மண்பானையைப் புதைத்து, துளையில் துணித்திரி செருகி வைக்கிறோம். வாரம் இருமுறை பானையை நிரப்பினால் போதும். பள்ளிக்கு எதிர்வீட்டு அம்மா அதைச் செய்கிறார். விடுமுறையில் விளையும் முருங்கைக்காயும் பப்பாளியும் அவருக்கு. ஜூனில் பள்ளி திறந்ததும் மூடாக்கை விலக்கிவிட்டுக் கீரை விதைத்தால், ஆடிப் பட்டம் வருவதற்குள் முதல் பறிப்பு கிடைத்துவிடும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நேபாளத்தில் பள்ளித் தோட்டங்களை வைத்து முறையான ஆய்வு நடத்தியபோது, பிள்ளைகளுக்குக் காய்கறி பற்றிய அறிவும் விருப்பமும் கூடின. ஆனால் அவர்கள் உண்ணும் காய்கறியின் அளவு கூடவில்லை. பின்னர் அதே நாட்டில் பள்ளித் தோட்டத்தோடு வீட்டுத் தோட்டத்தையும் இணைத்தபோதுதான் உண்ணும் அளவு உயர்ந்தது. நாங்கள் ஆண்டுதோறும் ஆகஸ்டில் ஒவ்வொரு பிள்ளையிடமும் ஒரு தவசிக்கீரைக் குச்சியும் ஒரு பிடி அரைக்கீரை விதையும் கொடுத்து வீட்டுக்கு அனுப்புகிறோம். வாசலில் முருங்கை ஆகாது என்று சொல்லும் வீடுகளில் தவசிக்கீரைக்கு எந்தத் தடையும் இல்லை. பாத்திரம் கழுவும் இடத்தில் ஊன்றினால் தானே வளரும்.

வேடசந்தூர் ஆசிரியை:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. பதில்களை அச்செடுத்து இன்று எங்கள் மையத்துச் சமையலர் அக்காவிடம் படித்துக் காட்டினேன். செவ்வாயும் வெள்ளியும் கீரை வந்தால் தமக்குச் சரிப்படும் என்றும், முதல் மாதம் அரைக்கீரை மட்டும் போதும் என்றும் சொன்னார். எனவே பத்தில் நான்கு பாத்தியுடன் தொடங்குகிறோம். இரும்புச்சத்து மாத்திரைப் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தேன். சில வாரங்கள் விடுபட்டிருக்கின்றன. அதைச் சரிசெய்வது என் பொறுப்பு. மேலாண்மைக் குழுக் கூட்டம் அடுத்த வெள்ளிக்கிழமை.

ஒரே ஒரு ஐயம் மட்டும் மிச்சம். மழைக்காலத்தில் முருங்கையில் கம்பளிப்பூச்சி கூட்டம் கூட்டமாக இறங்குமே, 74 பிள்ளைகள் ஓடியாடும் இடத்தில் அதை எப்படிக் கையாள்வது?

ஓய்வுபெற்ற தோட்டக்கலை அலுவலர்:

புரட்டாசி முடிவதற்குள் மரங்களை மூன்றடிக்குக் கவாத்து செய்துவிடுங்கள். தண்டு குட்டையாக இருந்தால் பூச்சி இருப்பது கண்ணுக்குத் தெரியும். பகலில் அவை அடித்தண்டில் ஒட்டிக் கூட்டமாக இருக்கும். பிள்ளைகள் வருவதற்கு முன்பே ஒரு பெரியவர் கையுறை போட்டு, நீண்ட துடைப்பத்தால் சோப்புக் கரைசல் வாளியில் தள்ளிவிட வேண்டும். பந்தம் கொளுத்திப் பொசுக்கும் பழைய வழி பள்ளி வளாகத்துக்கு வேண்டாம். கார்த்திகை வரை முருங்கை மரத்தடிக்குக் கயிறு கட்டித் தடுத்து வையுங்கள். அந்த இரண்டு மாதமும் கீரையைப் பாத்தியிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

குழந்தை நல மருத்துவர்:

யார் மேலாவது பட்டுவிட்டால் தேய்க்க விடாதீர்கள். அந்த இடத்தில் செல்லோ டேப்பை ஒட்டி உரித்தால் பூச்சியின் முடிகள் அதோடு வந்துவிடும். பிறகு சோப்புப் போட்டுக் கழுவலாம். கண்ணில் பட்டாலோ மூச்சுத் திணறினாலோ காத்திருக்காமல் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் செல்ல வேண்டும்.